ஹோட்டலா, வாடகை வீடா? முதலில் யார் சமைப்பது என்று சொல்லுங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே பஞ்சாயத்து. வருகிற மே மாதம் சிங்கப்பூர் என்று முடிவாகிவிட்டது, ஏழு பேர், ஆறு இரவு. எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. என் கொழுந்தனார் (அவர் வரப்போவதில்லை, கருத்து மட்டும் வரும்) “மூணு ரூம் எதுக்கு அண்ணி, ஒரு அபார்ட்மென்ட்டா எடுத்துட்டா செலவு பாதி, கிச்சனும் இருக்கும்” என்று போட்டார். அத்தை உடனே அதற்கு ஒரு கட்டைவிரல். கிச்சனும் இருக்கும்! அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் எனக்கு 2024 மே மாதம் முழுசாகக் கண் முன்னால் வந்து நின்றது.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், தங்குகிற இடம் லாட்ஜ். “ஹோட்டல்ல தங்கினோம் ஆச்சி” என்றால் என் ஆச்சி “ஏன், பெஞ்சிலயா படுத்தீங்க?” என்று கேட்பாள். நான் இங்கே ஹோட்டல் என்று எழுதுவது ரிசப்ஷன் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத்தான், லாட்ஜும் அதில் அடக்கம். சரி.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா போக விசா வேண்டாம் என்று ஆனதும், எங்கள் தெருவில் பாதிப் பேர் அடுத்த லீவுக்கு கோலாலம்பூர் போனார்கள், நாங்களும் போனோம். நானும் என் கணவரும், இரண்டு பிள்ளைகள், அத்தை, மாமா, என் அம்மா. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சுமாரான ஹோட்டலில் ரூம் ஒன்றுக்கு 160 ரிங்கிட், மூன்று ரூம், ஐந்து இரவு, மொத்தம் 2,400. ஒரு செயலியில் மூன்று பெட்ரூம் வீடு, இருபத்தி இரண்டாவது மாடி, மேல்தளத்தில் நீச்சல் குளம், குளத்தில் நின்றால் இரட்டைக் கோபுரம் தெரியும், இரவுக்கு 340 ரிங்கிட், மொத்தம் 1,700. எழுநூறு ரிங்கிட் மிச்சம், அன்றைய கணக்கில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். யார்தான் வேண்டாம் என்பார்கள்? பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகுதான் சுத்தம் செய்யும் கட்டணம் 150, சேவைக் கட்டணம் 260 என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. மிச்சம் 290க்கு இறங்கிவிட்டது. வெளிநாட்டவர் கட்டுகிற சுற்றுலா வரி ரூமுக்கு ஒரு இரவுக்குப் பத்து ரிங்கிட், அது 2017லிருந்து ஹோட்டலிலும் உண்டு, 2023லிருந்து செயலி வழியாக எடுக்கிற வீட்டுக்கும் உண்டு, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த ஹோட்டலில் காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி. ஏழு பேர், ஐந்து காலை. இதை நான் கணக்குப் போட்டது ஊருக்குத் திரும்பின பிறகு.

விமானம் விடிகாலையில் இறங்கியது. வீட்டுக்குள் போகலாம் என்பது மாலை மூன்று மணிக்கு. வீட்டுச் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பினால், முந்தைய ஆட்கள் காலி செய்து துப்புரவு முடியவேண்டும் என்றார், நியாயம்தான். ஒன்பது பெட்டியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அரை மணிக்கு ஒரு முறை டீ சொல்லிக்கொண்டே இருந்தோம். மாமாவுக்கு சர்க்கரை. ஏழாவது டீக்கு அவர் வெறும் தண்ணீர் கேட்டார். ஹோட்டலாக இருந்தால் பெட்டியை ரிசப்ஷனில் போட்டுவிட்டு எங்காவது நடந்திருக்கலாம், கெஞ்சிக் கேட்டால் பத்து மணிக்கே ஒரு ரூமாவது கிடைத்திருக்கும். நம் கோயில் ஊர் லாட்ஜுகளில் இந்தத் தொல்லையே இல்லை. ராமேஸ்வரத்தில் காலை ஐந்து மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிப் போனாலும் “இருபத்திநாலு மணி நேரம் சார்” என்று சாவியைக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறு எங்கெல்லாம் அந்த வழக்கம் உண்டோ, எனக்கு அது நம் லாட்ஜுக்காரர்களின் பெரிய மனசாகத்தான் படுகிறது.

மூன்று மணிக்குப் போனால் வாசலில் காவலாளி. வீட்டுச் சொந்தக்காரர் ஏற்கெனவே ஒரு செய்தி அனுப்பியிருந்தார், செக்யூரிட்டி கேட்டால் என் நண்பர்கள் என்று சொல்லுங்கள் என்று. அதை நான் என் கணவரிடம் சொன்னேன், அவர் பிள்ளைகளிடம் சொன்னார், மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. மாமா முப்பத்திநாலு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். காவலாளி “ஏர்பிஎன்பி?” என்று, நாள் வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிற செயலியின் பெயரைச் சொல்லிக் கேட்டார். மாமா “எஸ் எஸ்” என்றார். அடுத்த நாற்பது நிமிடம் நாங்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம், வீட்டுச் சொந்தக்காரர் யார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு தேடிப் படித்ததில்தான் தெரிந்தது: அடுக்குமாடி நிர்வாகம் நினைத்தால் இந்த மாதிரி குறுகிய நாள் வாடகையைத் தடை செய்ய விதி போடலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. செயலியில் வீடு இருக்கிறது என்பதற்காக அந்தக் கட்டடத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இப்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: உங்கள் கட்டடத்தில் இதற்கு அனுமதி உண்டா? “நண்பர் என்று சொல்லுங்கள்” என்று பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்வேன்.

இனி கிச்சன்.

அம்மா சென்னையிலிருந்தே மூன்று லிட்டர் குக்கரைக் கொண்டுவந்திருந்தார், துணிகளுக்கு நடுவே சுற்றி, உள்ளே துவரம்பருப்பையும் புளியையும் அடைத்து. அலுமினியக் குக்கர். அங்கே இருந்தது இண்டக்ஷன் அடுப்பு. அலுமினியத்தை வைத்தால் அது பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோகும், அடியில் இரும்புச் சத்துள்ள பாத்திரம்தான் அதற்கு ஆகும். அம்மாவும் அத்தையும் மாறி மாறி அந்த அடுப்பைத் தட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம், கோபுர விளக்கு போடுவதைப் பார்க்கப் போயிருக்க வேண்டிய நேரம், நாங்கள் மூன்று பெண்கள் பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டுகிற சட்டி தேடிக்கொண்டிருந்தோம். ஆண்களும் பிள்ளைகளும் குளத்தில். யாரையும் குற்றம் சொல்லவில்லை, என் கணவர் இரண்டு முறை போன் செய்து “நீயும் வந்திருக்கலாமே, தண்ணி சூப்பரா இருக்கு” என்றார்.

சட்டி வந்த பிறகு ஆரம்பித்தது நிஜமான கூத்து. சட்டி இருக்கிறது, அரிசி வாங்கியாகிவிட்டது, இனி வெளியில் சாப்பிட்டால் அது ஊதாரித்தனம். காலை ஐந்தரைக்கு அத்தை எழுந்துவிடுவார், அவர் எழுந்த பிறகு நான் படுத்திருக்க முடியுமா, நான் எழுந்த பிறகு அம்மா படுத்திருப்பாரா? இட்லி கிடையாது என்பதால் உப்புமா, உப்புமாவுக்குச் சட்னி, மதியத்துக்குப் புளியோதரை கட்டி எடுத்துக்கொள்வது, ஏழு பேர் குளிப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டில் இருந்த நான்கே நான்கு தட்டை மறுபடி மறுபடி கழுவுவது. பத்துமலைக்குக் காலை ஏழு மணிக்கு ஏறிவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நூற்று நாற்பது அடி முருகனுக்குப் பக்கத்தில், அந்த 272 வண்ணப் படிகளை நாங்கள் ஏறியது பகல் பன்னிரண்டு மணி வெயிலில். பாதியில் அத்தை உட்கார்ந்துவிட்டார். “ஊர்ல இருந்தா இந்நேரம் சமைச்சு முடிச்சு டிவி பாத்துட்டு இருப்பேன்மா” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த வீட்டில் நல்லதே இல்லையா என்றால், இருந்தது. வாஷிங் மெஷின். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. எட்டரை மணிக்குப் பிள்ளைகள் தூங்கின பிறகு ஹாலில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து பேச முடிந்தது, ஹோட்டல் ரூமாக இருந்தால் இருட்டில் போனைத் தடவிக்கொண்டு நாமும் படுத்துவிட வேண்டியதுதான். அம்மாவும் அத்தையும் வாழ்க்கையில் முதல் முறையாக நாலு நாள் சேர்ந்து இருந்தார்கள், பால்கனியில் உட்கார்ந்து எங்கள் கல்யாணத்தில் நடந்த ஒரு பழைய மனஸ்தாபத்தைக் கூடப் பேசித் தீர்த்துவிட்டார்கள். மூன்று தனித்தனி ரூமில் அது நடந்திருக்காது.

கடைசி நாள் காலை செய்தி வந்தது: பாத்திரங்களைக் கழுவி வையுங்கள், குப்பையைக் கட்டி அந்தந்த மாடியிலுள்ள குப்பை அறையில் போடுங்கள், படுக்கை விரிப்புகளை உருவி மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள், பதினோரு மணிக்குள் கிளம்புங்கள். அப்படியானால் அந்த 150 ரிங்கிட் சுத்தக் கட்டணம் எதற்கு? விரிப்பை உருவிக்கொண்டே வாய்விட்டுக் கேட்டேன், பதில் சொல்ல யாரும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கிச்சனுக்கு எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம். போன வருடம் அம்மாவுக்கு வேலூரில் ஒரு ஆபரேஷன். இருபத்திநாலு நாள் அங்கே இருந்தோம், நானும் அண்ணனும் மாறி மாறி. முதல் மூன்று நாள் நல்ல ஏசி ஹோட்டல். ரூம் சர்வீஸில் சாம்பார் இட்லி வரும், அம்மாவுக்கு டாக்டர் சொன்னதோ காரம் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், குழைவாக. ஹோட்டல் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் நின்ற ஒரு அம்மா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களில் கிச்சன் வைத்த லாட்ஜ் இருக்கிறதே, தெரியாதா என்றார். தெரியாது. வேலூர் சிஎம்சியைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் அதுவே ஒரு தனி உலகம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி, இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள், வந்தால் ஒரு மாதம், இரண்டு மாதம். அதனால் கடைப் பலகையில் வங்காள எழுத்து, சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு, லாட்ஜ் ரூமில் ஒரு மூலையில் சிமெண்ட் மேடை, ஒரு தொட்டி, ஒரு குழாய். அடுப்பும் சிலிண்டரும் தனி வாடகை, பாத்திரமும் கேட்டால் கிடைக்கும். எங்கள் ரூம் நாளுக்கு 750, அடுப்புக்கு 50.

அந்தச் சிமெண்ட் மேடைதான் அம்மாவைத் தேற்றியது என்று நான் சொன்னால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் ரசம் கொதிக்கிற வாசம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார், அது நான் பார்த்தது. பக்கத்து ரூமில் வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம், கணவருக்குச் சிகிச்சை, ஏழு வாரமாக இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் தெரிந்தது தண்ணி, எவ்ளோ, போதும். எனக்கு வங்காளத்தில் ஒன்றும் தெரியாது. மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போடும்போது எந்த டாக்டர், எந்த வார்டு, எத்தனை நாள் என்பதெல்லாம் கையாலேயே பேசிக்கொண்டோம். நான் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்ட ஒரு நாள் அவள் அம்மாவுக்கு உருளைக்கிழங்கும் சோறும் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மா இன்றைக்கும் அந்தக் கடுகெண்ணெய் வாசத்தைச் சொல்வார், பாராட்டாகவா புகாராகவா என்று தெரியவில்லை. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் பக்கத்து ரூமில் யார் இருக்கிறார் என்றே தெரியாமல் வந்துவிடுகிறோம்.

ஆகவே என் கணக்கு இப்போது எளிமையாகிவிட்டது. ஊர் சுற்றப் போகிறோமா, ஒரு வாரத்துக்குள் திரும்புகிறோமா, ஹோட்டல். ஒரு இடத்தில் கிடக்கப் போகிறோமா, நோயாளியோ கைக்குழந்தையோ கூட இருக்கிறதா, அடுப்பு உள்ள இடம். பணத்தில் பெரிய வித்தியாசம் வருவதில்லை, அதிலும் நம் நாட்டுக்குள் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் போனால் பழையபடி 18தான்.

என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண், கல்யாணம் ஆகாதவள், இதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. “உங்களுக்கு ரிசப்ஷன்ல சாவி கொடுப்பாங்கக்கா, எனக்குக் கேள்வி கேப்பாங்க” என்றாள். உண்மை. தனியாக வருகிறாயா, கூட வருகிறவர் யார், இருவர் ஆதாரிலும் முகவரி ஏன் வேறு வேறு. அதற்குப் பயந்தே அவள் தோழிகள் எல்லாம் சர்வீஸ் அபார்ட்மென்ட் (ஹோட்டல் மாதிரி நாள் கணக்கில் விடுகிற, கிச்சனோடு உள்ள வீடு) எடுக்கிறார்கள், எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். ஆனால் அங்கும் வம்பு வராது என்று சொல்லிவிட முடியாது. 2019இல் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் கல்யாணமாகாத ஒரு ஜோடி இருந்தது என்று கட்டடத்தையே சீல் வைத்தார்கள். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மேஜரான இருவர் ஒரு ரூமில் தங்குவதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி சீலை எடுக்கச் சொன்னது. அதை அவளுக்குச் சொன்னேன். “தீர்ப்பை பிரிண்ட் போட்டு ரிசப்ஷனுக்குக் கொண்டுபோகவாக்கா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு எண் வேலை செய்யாமல் போனால் யாரைக் கூப்பிடுவாய் என்று மட்டும் கேட்டேன். எப்பேர்ப்பட்ட ஓட்டை லாட்ஜிலும் ரிசப்ஷன் பெஞ்சில் ஒரு தம்பி படுத்திருப்பான், தட்டி எழுப்பினால் திட்டிக்கொண்டாவது வருவான்.

இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்றாவது மாடி வீடு ஒன்று இப்படி நாள் வாடகைக்குப் போகிறது. லிஃப்டில் தினம் ஒரு புது முகம், ராத்திரி இரண்டு மணிக்கு வீடு மாறி எங்கள் காலிங்பெல், அசோசியேஷன் குழுவில் சண்டை. கோலாலம்பூரில் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்த நான், இங்கே அந்தப் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளிக்கிறேன். பார்சிலோனாவில் இது முற்றிப் போய், மேயர் 2024 ஜூனில் ஒரே போடாகப் போட்டார்: சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உரிமம் வாங்கிய 10,101 வீடுகளின் உரிமமும் 2028 நவம்பருக்குள் முடிவுக்கு வரும், புதுப்பிக்கப் போவதில்லை என்று. பத்து வருடத்தில் அந்த ஊரில் வீட்டு வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டதாம். மூன்றாவது மாடி வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பயன் இல்லை.

சரி, சிங்கப்பூர். கொழுந்தனாருக்கு நான் எழுதிய பதில் கொஞ்சம் நீளம்தான். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, அரசு கட்டிக் கொடுத்த வீடமைப்புக் கழக வீடு என்றால் ஆறு மாதம். மீறி விட்ட இரண்டு பேருக்கு 2018இல் ஆளுக்கு அறுபதாயிரம் சிங்கப்பூர் டாலர் அபராதம். அப்படியானால் முறையாக உரிமம் வாங்கிய சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாமே என்றார். எடுக்கலாம், ஆனால் அதற்கும் குறைந்தது ஏழு நாள் என்பது விதி. நமக்கு ஆறு இரவு. “ஒரு நாள் கூட்டிக்கலாமே அண்ணி” என்றார். யார் லீவிலிருந்து என்று கேட்டேன். அதோடு அமைதி.

சிராங்கூன் சாலையை ஒட்டி ஒரு ஹோட்டலில் மூன்று ரூம் போட்டுவிட்டேன். ரூம் சின்னது, படத்திலேயே தெரிகிறது, பெட்டியைத் திறந்து வைத்தால் மேலே தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். ஆனால் இறங்கினால் தேக்கா சந்தை, கொஞ்சம் நடந்தால் 1947இலிருந்து இருக்கிற கோமள விலாஸ். எழுந்து, குளித்து, இறங்கிச் சாப்பிட வேண்டியதுதான். ஐந்தரைக்கு எழுந்தாலும் அத்தைக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது, அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நேற்று அம்மா போன் செய்தார். ரூமில் வெந்நீர் கெட்டில் இருக்குமா என்று கேட்டார். இருக்கும், ரூமுக்கு ஒன்று என்றேன்.

“அப்ப ரவையை மட்டும் வறுத்து எடுத்துக்கிடட்டுமா?” என்கிறார்.